சாப்பிட்டாலும் உடம்பு ஏன் தேறுவதில்லை?

புற்றுநோய் வந்தவர் இளைத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நோய் இருப்பது நுரையீரலில் அல்லது கணையத்தில். கரைவது தொடையும் தோளும் கன்னமும். "நாலு வாய் சேர்த்துச் சாப்பிட்டால்தானே உடம்பு தேறும்" என்று வீட்டில் உள்ளவர்கள் கெஞ்சுவார்கள். சில நாள் கோபமும் வரும். நோயாளி இரண்டு கவளத்துக்கு மேல் முடியாமல் தட்டை ஒதுக்குவார். சமைத்தவருக்கு மனம் வலிக்கும், சாப்பிட முடியாதவருக்குக் குற்ற உணர்வு வரும்.

இந்தச் சண்டையில் இரண்டு பேர் மீதும் தப்பில்லை. புற்றுநோயில் உடல் இளைப்பதற்கு உணவு குறைந்தது ஒரு காரணம் மட்டுமே. உணவை எரிப்பது, சேமிப்பது, தசையாகக் கட்டுவது, பசியை எழுப்புவது என்று உடல் முழுக்க நடக்கும் வளர்சிதை மாற்றத்தின் ஒழுங்கையே நோய் மாற்றிவிடுகிறது. கட்டி ஓரிடத்தில் இருந்தாலும் அதன் பிடி கல்லீரல், கொழுப்பு, தசை, மூளை வரைக்கும் நீள்கிறது. இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் கேக்கெக்ஸியா. தமிழில் நலிவு என்று சொல்லலாம்.

இது நோயின் கடைசிக் கட்டத்தில் மட்டும் வருவதல்ல. 1980-ல் அமெரிக்காவில் 3,047 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். கீமோதெரபி தொடங்கும் முன்பே எடை குறைந்திருந்தவர்கள் ஏராளம். வயிறு, கணையப் புற்றுநோய்க்காரர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அப்படி இருந்தார்கள். எடை குறைந்திருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். அதற்கும் வெகுமுன், 1932-ல், ஷீல்ட்ஸ் வாரன் என்ற நோயியல் அறிஞர் புற்றுநோயால் இறந்த 500 பேரின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்திருந்தார். ஐந்தில் ஒருவருக்கு, இந்த நலிவைத் தவிர இறப்புக்கு வேறு நேரடிக் காரணம் அவருக்குத் தென்படவில்லை. புற்றுநோய் இறப்புகளில் ஏறக்குறைய 20 சதவீதம் நலிவால் நிகழ்பவை என்று இன்றும் மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன.

கட்டிதான் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறதா?

"சாப்பிடுவதையெல்லாம் கட்டி உறிஞ்சிக்கொள்கிறது" என்று பலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது.

1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற உயிர்வேதியியல் அறிஞர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஆரோக்கியமான செல், ஆக்சிஜன் கிடைக்கும்போது குளுக்கோஸை முழுமையாக எரிக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். செல்கள் செலவழிக்கும் ஆற்றலின் அலகு இந்த ஏ.டி.பி.தான். புற்றுநோய் செல்லோ ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் குளுக்கோஸைப் பாதியில் உடைத்து, லாக்டேட்டாக வெளியே தள்ளிவிடுகிறது. இதில் கிடைப்பது இரண்டே ஏ.டி.பி. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றலைவிடப் புதிய செல் கட்டத் தேவையான மூலப்பொருள்தான் முக்கியம். அதற்கு இந்த வழி வசதியானது. ஆனால் அதே ஆற்றலைப் பெற அது பல மடங்கு குளுக்கோஸை இழுக்க வேண்டியிருக்கிறது. பெட் ஸ்கேன் எடுக்கும்போது கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் செலுத்துவதும், கட்டி இருக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான்.

வெளியே தள்ளப்பட்ட லாக்டேட் வீணாவதில்லை. ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. இந்தச் சுழற்சியைக் கண்டறிந்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. 1947-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். நாம் வேகமாக ஓடும்போது தசையும் இப்படித்தான் லாக்டேட்டை வெளியேற்றுகிறது, கல்லீரல் சரிசெய்கிறது. ஓட்டம் நின்றால் அதுவும் தணிந்துவிடும். கட்டி மட்டும் இரவு பகலாக லாக்டேட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். லாக்டேட்டை ஒரு குளுக்கோஸ் மூலக்கூறாகத் திருப்பக் கல்லீரலுக்கு ஆறு ஏ.டி.பி. செலவு. அதைக் கட்டி மீண்டும் உடைத்துப் பெறுவது இரண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு ஏ.டி.பி. உடலுக்கு நஷ்டம். நோயாளி படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் இந்தச் செலவு நடந்துகொண்டே இருக்கும்.

ஆனாலும் இது மட்டுமே காரணமாக இருந்தால், பெரிய கட்டி உள்ளவர்தான் அதிகம் இளைக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை. கணையத்தில் சிறிய கட்டி உள்ளவர் மளமளவென்று எடை இழப்பதுண்டு. மார்பகத்தில் அதைவிடப் பெரிய கட்டி உள்ளவர் எடை குறையாமலே இருப்பதுண்டு. ஆகவே கட்டி தின்பதைவிட, கட்டி உடலுக்குள் எதை அனுப்புகிறது என்பதே பெரிய கேள்வி.

பட்டினி வேறு, நலிவு வேறு

அந்தக் கேள்விக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான உடல் பட்டினியை எப்படிச் சமாளிக்கிறது?

1960-களில் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் என்ற மருத்துவரின் குழு, பருமனான தன்னார்வலர்களை மருத்துவமனையில் வைத்து, பல வாரங்கள் உணவில்லாமல் இருக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று அளந்தது. முதல் சில நாள்களில் உடல் தசைப் புரதத்தை உடைக்கிறது. மூளைக்கு குளுக்கோஸ் வேண்டும், கொழுப்பிலிருந்து அதைப் போதுமான அளவு செய்ய முடியாது, புரதத்திலிருந்து செய்யலாம் என்பதே காரணம். அப்போது நாளொன்றுக்குச் சுமார் 75 கிராம் புரதம் கரைகிறது. பிறகு கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. சில வாரங்களில் புரத இழப்பு நாளுக்குச் சுமார் 20 கிராமாகக் குறைந்துவிடுகிறது. மொத்தச் செலவையும் உடல் சுருக்கிக்கொள்கிறது.

பஞ்ச காலத்திலும் விதைநெல்லில் கை வைக்காமல், சாப்பாட்டுக்கு ஒதுக்கிய நெல்லை மட்டும் அளந்து செலவழிக்கும் குடியானவனின் நிதானம் இது. கொழுப்புதான் சாப்பாட்டு நெல், தசை விதைநெல். புற்றுநோய் நலிவில் இந்த நிதானம் குலைந்துவிடுகிறது. கொழுப்பும் தசையும் ஒரே நேரத்தில் கரைகின்றன. நுரையீரல், கணையப் புற்றுநோய் போன்றவற்றில், செலவைச் சுருக்க வேண்டிய உடல் ஓய்வு நேரத்திலும் கூடுதலாகவே செலவழிக்கிறது.

பட்டினி கிடந்தவருக்குச் சோறு போட்டால் உடம்பு தேறிவிடும். நலிவு வந்தவருக்கு உணவு மட்டும் போதாது. 2011-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி உருவாக்கிய வரையறையிலும் இதுவே மையக் கருத்து: வழக்கமான ஊட்டச்சத்து உதவியால் முழுமையாகத் திருப்ப முடியாத, தொடர்ச்சியான தசை இழப்பு. கொழுப்பு சேர்ந்து குறையலாம், குறையாமலும் இருக்கலாம். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் நலிவு தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த வரையறை. ஏற்கெனவே ஒல்லியாகவோ தசை குறைந்தோ இருப்பவருக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே போதும். 60 கிலோ இருந்தவருக்கு 5 சதவீதம் என்பது வெறும் 3 கிலோ. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ரத்தத்தில் போகும் செய்திகள்

கட்டி உடலுக்குள் எதையோ அனுப்புகிறது என்ற சந்தேகத்துக்கு முதல் பெரிய தடயம் புற்றுநோய் ஆய்விலிருந்து வரவில்லை. ஆப்பிரிக்காவில் கால்நடைகளை வாட்டும் ஒட்டுண்ணி நோயிலிருந்து வந்தது. ட்ரிபனோசோமா என்ற அந்த ஒட்டுண்ணி தொற்றிய விலங்குகள் எலும்பும் தோலுமாகிவிடும். நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி செராமி அதே ஒட்டுண்ணி வகையை முயல்களுக்கு ஏற்றி ஆராய்ந்தார். முயல்கள் இளைத்தன, ஆனால் அவற்றின் ரத்தத்தில் கொழுப்பு மிதந்தது. ரத்தத்தில் உள்ள கொழுப்பைத் திசுக்களுக்குள் எடுத்துக்கொள்ள உதவும் நொதி முடங்கிப்போயிருந்தது. அதை முடக்கியது ஒட்டுண்ணி அல்ல. ஒட்டுண்ணியைக் கண்டு முயலின் சொந்த நோய் எதிர்ப்பு செல்கள் வெளியிட்ட ஒரு புரதம்.

1985-ல் செராமியும் புரூஸ் பாய்ட்லரும் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் வேறு ஆய்வாளர்கள் வேறு காரணத்துக்காகக் கண்டிருந்த டி.என்.எஃப். என்ற புரதமும் இதுவும் ஒன்றுதான் என்பது தெரியவந்தது. நோய்க்கிருமியோடு சண்டையிட உடல் அனுப்பும் இத்தகைய செய்திப் புரதங்களுக்கு சைட்டோகைன்கள் என்று பெயர். காய்ச்சல் வந்தால் வாய் கசப்பதும், பசி போவதும், உடம்பு வலிப்பதும் இவற்றின் வேலைதான். காய்ச்சல் நான்கு நாளில் போய்விடும். கட்டி போகாது. அதைச் சுற்றிக் குவியும் நோய் எதிர்ப்பு செல்களும், பல நேரம் கட்டியின் செல்களுமே, இவற்றை மாதக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கின்றன.

அப்படியானால் டி.என்.எஃபை மட்டும் தடுத்தால் போதுமே? முயன்று பார்த்தார்கள். மூட்டுவாதத்துக்கு நன்றாக வேலை செய்யும் அதே தடுப்பு மருந்துகள் நலிவு நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை. ஐ.எல்-1, ஐ.எல்-6 என்று வேறு சைட்டோகைன்கள் இருக்கின்றன. ஆக்டிவின், மயோஸ்டாட்டின் என்று தசை வளர்ச்சிக்குத் தடை போடும் புரதங்கள் இருக்கின்றன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று வழி கண்டுபிடிக்கிறது.

ஆனால் 2010-ல் எலிகளில் நடந்த ஒரு சோதனை இந்தத் துறையின் பார்வையையே மாற்றியது. ஆக்டிவினும் மயோஸ்டாட்டினும் தசைக்குள் செய்தி சொல்லும் வழியை ஆய்வாளர்கள் அடைத்தார்கள். கட்டி வழக்கம்போல் வளர்ந்தது. கரைந்த தசை மட்டும் திரும்பி வந்தது. அந்த எலிகள் சிகிச்சை பெறாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. கட்டியைத் தொடாமலே ஆயுள் நீண்டது என்றால், உயிரைக் குடிப்பதில் கட்டியின் பங்கு வேறு, அது உடலில் கிளப்பிவிடும் குழப்பத்தின் பங்கு வேறு என்றாகிறது.

2015-ல் பழ ஈக்களிலும் இதே பாடம் கிடைத்தது. ஈயின் குடலில் வளர்ந்த கட்டி, இன்சுலின் போன்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் புரதம் ஒன்றைச் சுரந்தது. ஈயின் தசையும் கொழுப்பும் தேய்ந்தன. கட்டியில் அந்தப் புரதத்தைக் குறைத்ததும் தேய்மானமும் குறைந்தது.

உறுப்புக்கு உறுப்பு நடப்பது

கல்லீரலில் தொடங்குவோம். சைட்டோகைன்கள், அதிலும் ஐ.எல்-6, வந்து சேர்ந்ததும் கல்லீரல் போர்க்கால வேலைக்கு மாறுகிறது. வழக்கமாகச் செய்யும் ஆல்புமின் உற்பத்தி குறைகிறது. சி.ஆர்.பி. போன்ற அவசரகாலப் புரதங்களின் உற்பத்தி கூடுகிறது. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. கூடியும் ஆல்புமின் குறைந்தும் இருந்தால் மருத்துவர் முகம் சுளிப்பது இதனால்தான். இந்தப் புதிய புரதங்களுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எங்கிருந்து வரும்? தசையிலிருந்துதான். போதாக்குறைக்கு, தசைப் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களின் விகிதம் வேறு, கல்லீரல் கேட்கும் விகிதம் வேறு. குறிப்பிட்ட சில அமினோ அமிலங்களைச் சேர்த்தெடுக்க, தேவைக்கு மேல் தசையை உடைக்க வேண்டியிருக்கிறது.

இதே ஐ.எல்-6 கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் கூடினால், உடலில் இருக்கும் இரும்புச்சத்து சேமிப்பிலேயே பூட்டப்பட்டுவிடும், ரத்தம் ஊற உதவாது. பல நோயாளிகளுக்கு ரத்தச்சோகை வருவதற்கும், இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

அடுத்து கொழுப்பு. சாதாரணமாகச் சாப்பிட்டவுடன் இன்சுலின் சுரந்து, கொழுப்பை உடைக்கும் வேலையை நிறுத்திவைக்கும். நலிவில் அந்த நிறுத்தம் சரியாக வேலை செய்வதில்லை. கொழுப்பு செல்கள் சாப்பிட்ட பிறகும் கரைந்துகொண்டிருக்கின்றன. 2011-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள், கொழுப்பை உடைக்கும் முக்கிய நொதி இல்லாத எலிகளுக்குக் கட்டியை வளர்த்தார்கள். கொழுப்பு கரையவில்லை. எதிர்பாராத விதமாகத் தசையும் பெருமளவு தப்பித்தது. கொழுப்பு உடைவதும் தசை தேய்வதும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல என்பது அதிலிருந்து விளங்கியது.

கொழுப்பில் இன்னொரு மாற்றமும் உண்டு. நம் உடலில் பெரும்பாலும் இருப்பது சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பு. பச்சிளம் குழந்தைகளிடம் அதிகம் உள்ள பழுப்புக் கொழுப்பு, ஆற்றலைச் சேமிக்காமல் வெறும் வெப்பமாக விடும். சில கட்டிகள் சுரக்கும் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதம் எலிகளில் வெள்ளைக் கொழுப்பையும் பழுப்புக் கொழுப்பின் குணத்துக்கு மாற்றுவதை 2014-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாப்பிட்டது சூடாக வெளியேறினால் உடம்பில் எப்படி ஒட்டும்?

தசைக்கு வருவோம். தசை நிலையான பொருள் அல்ல, நாள்தோறும் கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் கட்டப்படும். நலிவில் கட்டுவது குறைகிறது, உடைப்பது கூடுகிறது. பழைய புரதங்களை அடையாளமிட்டுச் சிதைக்கும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. எந்தப் புரதத்தைச் சிதைக்க வேண்டும் என்று குறியிடும் இரண்டு நொதிகள் தசையில் மளமளவென்று பெருகுவது 2001-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கை, கால் தசை மட்டும் இதற்கு இலக்கல்ல. மூச்சுவிட உதவும் தசைகள் மெலிந்தால் படியேறும்போது இரைக்கும், சளியை இருமித் துப்ப வலுவிருக்காது, நிமோனியா எளிதில் பிடிக்கும். இதயத் தசையும் மெலியலாம். "எதுவும் செய்யாமலே களைப்பாக இருக்கிறது" என்று நோயாளி சொல்வது சோம்பல் அல்ல.

பசி போவது எங்கிருந்து?

"மனசு வைத்தால் சாப்பிடலாம்" என்ற வாதத்தைக் கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகள் உடைத்துவிட்டன. ஜி.டி.எஃப்-15 என்பது, செல்கள் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் ஒரு ஹார்மோன். கட்டிகள் சுரக்கும் இந்த ஹார்மோன்தான் எலிகளின் பசியைக் கெடுத்து இளைக்க வைக்கிறது என்று சிட்னியில் சாமுவேல் பிரெயிட்டின் குழு 2007-லேயே காட்டியது. அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 2017-ல் நான்கு குழுக்கள் ஒரே சமயத்தில் விடையைக் கண்டன. பின்மூளையில், குமட்டலையும் வாந்தியையும் ஆளும் பகுதியில், அதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வரும் கடும் மசக்கையிலும் இதே ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது 2023-ல் தெரிந்தது. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகளும் இதன் அளவைக் கூட்டுகின்றன.

மசக்கையில் இருக்கும் பெண்ணிடம் "மனசு வைத்துச் சாப்பிடு" என்று யாரும் அதட்டுவதில்லை. குழம்பு தாளிக்கும் வாசனையே பிடிக்கவில்லை என்று புற்றுநோயாளி சொன்னாலும் அதே அளவு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பின்மூளை அனுப்பும் அந்தக் குமட்டலை மன உறுதியால் வெல்ல முடியாது.

சர்க்கரைக் கணக்கும் குழம்புகிறது

இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காமல் போவதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். இரண்டாம் வகை நீரிழிவின் அடிப்படை இது. புற்றுநோயாளிகளிடமும் இது பரவலாகக் காணப்படுகிறது. குளுக்கோஸைத் தசை சரியாக எடுத்துக்கொள்ளாது, கல்லீரலோ தேவைக்கு மேல் குளுக்கோஸ் செய்யும். தசையைக் கட்டும் வேலைக்கும் இன்சுலின் தேவை என்பதால் அந்தப் பக்கமும் அடி விழுகிறது.

கணையப் புற்றுநோயில் இது ஒரு முன்னறிவிப்பாகவே வரலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு வருபவர்களில் சுமார் 100-ல் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. மீதி 99 பேருக்கு அது வழக்கமான நீரிழிவுதான், பயம் வேண்டாம். ஆனால் அந்த வயதில் திடீரென்று சர்க்கரை ஏறி, கூடவே காரணமில்லாமல் எடையும் இறங்கினால், "சர்க்கரை வந்தால் இளைக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும்" என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வார்பர்க் கண்டதை வைத்துப் பின்னப்பட்ட கதை அது. சர்க்கரை, சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோகாது. சாப்பிடாத நேரத்தில் நாளுக்கு 150 முதல் 200 கிராம் குளுக்கோஸைக் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்கான மூலப்பொருளில் ஒரு பகுதி தசையிலிருந்து போகிறது. ஆகவே கட்டியைப் பட்டினி போடுவதாக நினைத்து நோயாளியின் தசையைத்தான் பலி கொடுக்கிறோம். நீரிழிவு இருந்தால் மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு அவசியம். அது இல்லாத, இளைத்துக்கொண்டிருக்கும் நோயாளியிடமிருந்து சாதத்தையும் வாழைப்பழத்தையும் பிடுங்குவது கெடுதல்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுவது. வாய்ப்புண், மலச்சிக்கல், வலி, வாந்தி, உணவுக்குழாய் அடைப்பு, மனச்சோர்வு இவற்றில் எது இருந்தாலும் யாராலும் சாப்பிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி மருத்துவம் உண்டு. நலிவு என்று முடிவு கட்டி இவற்றை விட்டுவிடக் கூடாது. கட்டிக்கான சிகிச்சை பலித்தால் நலிவும் பல நேரம் பின்வாங்கும்.

உணவு தனியாக நலிவைத் திருப்பாது என்பதற்கு உணவால் பயனில்லை என்று பொருளல்ல. உணவும் குறைந்தால் சரிவு இரட்டை வேகமாகும். ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்களின் வழிகாட்டுதல், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் பரிந்துரைக்கிறது. 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். நோயாளிக்கு என்று நாம் வழக்கமாகக் கொடுக்கும் நீர்த்த அரிசிக் கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயிறு நிரம்பிவிடும், சத்து சேராது. அதே கஞ்சியில் பாசிப்பருப்பும், வறுத்த நிலக்கடலைப் பொடியும், ஒரு கரண்டி நெய்யும் சேர்ந்தால் கதை வேறு. மூன்று வேளை நிறையப் பரிமாறுவதைவிட, ஆறு வேளை சிறிய கிண்ணத்தில் கொடுப்பது நல்லது. வாசனை ஆகாதவருக்குச் சூடு ஆறிய உணவு எளிதாக இறங்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரத்தக்குழாய் வழியே முழு ஊட்டத்தையும் ஏற்றிவிட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். கீமோதெரபி பெறும் நோயாளிகள் எல்லோருக்கும் அப்படிக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை, தொற்றுகள்தான் கூடின. குடல் அடைபட்டவர் போன்ற சிலருக்கு மட்டும் அது உதவும்.

தசையைக் காக்க அசைவும் வேண்டும். படுத்தே கிடந்தால் ஆரோக்கியமானவருக்கே தசை கரையும். "ஓய்வெடு, எழுந்திருக்காதே" என்று அன்போடு தடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. வாசல் வரை நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து சில முறை எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது இவையெல்லாம், மருத்துவர் சரி என்றால், சிகிச்சையின் பகுதிதான்.

மருந்துகளில் மெஜெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்து பசியைக் கூட்டும். ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஸ்டீராய்டுகள் சில வாரங்களுக்குப் பசி தரும், நாள்பட்டால் தசையையே கரைக்கும். வயிற்றின் பசி ஹார்மோனைப் போல வேலை செய்யும் அனமோரெலின் மாத்திரையை 2021-ல் ஜப்பான் அனுமதித்தது. அது தசையின் எடையைக் கூட்டியது, ஆனால் கைப்பிடியின் வலுவைக் கூட்டவில்லை என்று சொல்லி ஐரோப்பா அனுமதி தரவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு நல்ல ஆய்வு உலகக் கவனத்தைப் பெற்றது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், வயிறு, நுரையீரல், கல்லீரல், பித்தநாளம், கணையம் சார்ந்த புற்றுநோய்களுக்குக் கீமோதெரபி தொடங்கிய 124 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 2.5 மில்லிகிராம் ஒலன்சபைன், மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரை. பன்னிரண்டு வாரத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறியவர்கள் மருந்துப் பிரிவில் 60 சதவீதம், மற்றதில் 9 சதவீதம். 2023-ல் இந்த முடிவு வெளியான பிறகு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலில் இந்த மருந்தைச் சேர்த்துக்கொண்டது. ஒலன்சபைன் அடிப்படையில் மனநோய் மருந்து. மருந்துக்கடையில் அதைக் கேள்விப்பட்டு, "எனக்கென்ன பைத்தியமா" என்று நோயாளி பதறலாம். இவ்வளவு குறைந்த அளவில் பசிக்கும் குமட்டலுக்கும் கொடுப்பது என்று விளக்கினால் போதும். தூக்கக் கலக்கம் வரலாம், சர்க்கரை கூடலாம் என்பதால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

புதிய நம்பிக்கை, ஜி.டி.எஃப்-15 ஹார்மோனைப் பிடித்து முடக்கும் பொன்செக்ரொமாப் என்ற ஊசி மருந்து. நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோயோடு அந்த ஹார்மோனும் கூடியிருந்த 187 பேரிடம் சோதித்த முடிவு 2024-ல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில், அதிக அளவு மருந்து பெற்றவர்கள் போலி மருந்து பெற்றவர்களைவிட நடுமதிப்பாக 2.8 கிலோ கூடுதலாக இருந்தார்கள். பசியும் நடமாட்டமும் மேம்பட்டன. இது இரண்டாம் கட்டச் சோதனை. ஆயுளைக் கூட்டுமா என்பதற்குப் பெரிய ஆய்வுகள்தான் விடை சொல்ல வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எடை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதி வையுங்கள். பழைய எடையிலிருந்து இன்றைய எடையைக் கழித்து, வருவதைப் பழைய எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும். ஆறு மாதக் கணக்கில் அது ஐந்தைத் தாண்டினால், அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

எடை மட்டும் ஏமாற்றவும் கூடும். வயிற்றில் நீர் சேர்ந்தாலோ கால் வீங்கினாலோ மெஷின் பழைய எடையையே காட்டும். பருமனான ஒருவர் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளே தசை கரைந்திருக்கலாம். இதற்கு ஒரு முக்கிய விளைவு உண்டு. கீமோதெரபி மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். தசை குறைந்த உடலுக்கு அந்த அளவு அதிகப்படியாகி, பக்கவிளைவுகள் கடுமையாகலாம். கட்டிக்காக எடுக்கும் அதே சி.டி. ஸ்கேனில் இடுப்பெலும்பு மட்டத்துக்கு மேல் உள்ள தசையின் பரப்பையும் அளக்க முடியும். கேட்டால் தவறில்லை. வீட்டிலேயே தெரியும் அறிகுறிகளும் உண்டு: பாட்டில் மூடி திறக்க முடியவில்லை, கை ஊன்றாமல் எழ முடியவில்லை, முன்பு ஏறிய படி ஏற முடியவில்லை.

நலிவை நிபுணர்கள் மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள்: பசியும் சர்க்கரைக் கணக்கும் மட்டும் மாறத் தொடங்கிய முன்நிலை, நலிவு, எதற்கும் திரும்பாத கடைசி நிலை. உணவும் உடற்பயிற்சியும் மருந்தும் பலன் தருவது முதல் இரண்டில்தான். அங்கே முயற்சி தேவை, அதுவும் சீக்கிரம் தேவை. கடைசி நிலையில் உடல் உணவைப் பயன்படுத்தும் திறனையே இழந்துவிடுகிறது. அப்போது குழாய் வைத்தோ வற்புறுத்தியோ ஊட்டுவது வயிற்று உப்புசத்தையும் வாந்தியையும் மூச்சுத்திணறலையும்தான் கூட்டும். அந்த நிலையில் அவர் கேட்டதை, கேட்ட அளவு கொடுத்தால் போதும். இவர் இப்போது எந்தப் படியில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். எதற்காகப் போராட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.